முழங்காலின் பாடக்குறிப்பு

லா சப்பல், பாரிஸ்
04.02.2018

அன்பு மகள் மிருணாளினிக்கு,

என் முழங்கால் ஒப்பிரேசனுக்கு இரண்டு மாதம் முந்தி மரக்கறிக் கடையில் வைத்துச் சிநேகிதி புனிதவதி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நீ அமெரிக்காவில் இயன்மருத்துவத்தில் டொக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாய் என்று சொல்லியிருந்தேன். அது என்ன படிப்பு என்றாள். ஒப்பிரேசன் செய்தவர்களை மடிக்க, நீட்ட, நடக்கப் பழக்குகிற மூன்று வருடப் படிப்பு என்றேன். கையிலிருந்த முருங்கைக்காயைத் தராசில் வைத்துவிட்டு, "காலை மடிக்கச் சொல்லுறதுக்கு மூண்டு வருசமோ ரீச்சர்? என்ரை மனிசன் ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே நாள் முழுக்க மடிச்சுக்கொண்டு கிடக்கிறார்" என்றாள். கடையே சிரித்தது. இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்த நான், மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எழுதி அனுப்பு; அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

உன் வகுப்பு வேலைக்கு என்னை ஆளாகத் தேர்ந்ததில் பெருமைதான். நீ அனுப்பிய அட்டவணையைக் கொப்பியில் ஒட்டிவிட்டேன். ஜனவரி 29 முதல் பன்னிரண்டு வாரம், எண்பத்து நான்கு நாள், நாளுக்கு ஒரு வரி. மடிவதை அளக்க நீ சொன்ன கருவி என்னிடம் இல்லை. ஆனால் கரும்பலகையில் கோணம் போட்டுக் காட்டிய என் பெரிய மரப் பாகைமானி இருக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு யாராவது பாரிசுக்கு வருவார்களா என்று உன் அப்பா விமான நிலையத்தில் வைத்துச் சிரித்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் இப்போது காட்டியிருப்பேன். முழங்கால் அறுபத்து நான்கு பாகை மடிகிறது.

நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்றும் ஒரு நிரல் இருக்கிறது. ஒன்பது போட்டேன். நன்றாகவே நொந்தது.

வாரத்தில் மூன்று நாள் இங்கத்தைய இயன்மருத்துவர், கினே மதாம், வருகிறார், அரை மணித்தியாலம். தலைக்கவசத்தோடு நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க வருகிறவரை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? பொரித்த ரோல்ஸ் ஒன்று, ஒரு தேத்தண்ணி.

போனில் நீ இரண்டாம் நிமிடமே பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறாய், ஆகவே கடிதம்தான். உன் போன கடிதத்தைச் சிவப்புப் பேனையால் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். குறை நினைக்காதே.

அம்மா


பஃபலோ
13.02.2018

அன்புள்ள அம்மா,

சிவப்புப் பேனை வந்து சேர்ந்தது. ஏழு பிழை, போனமுறை பதினொன்று. பக்கத்து மேசைப் பெண்ணிடம் பெருமையாகக் காட்டினேன். ஏதோ வழக்குக் கடிதம் என்று பயந்துவிட்டாள்.

முதலில் அந்த ஒன்பது. அம்மா, அது புள்ளி இல்லை. நோவு கூடினால் இலக்கம் கூடும். ஒன்பது என்றால் அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்! நீங்கள் நல்ல பிள்ளையாகப் பூச்சியத்தை நோக்கிப் போக வேண்டும்.

இந்த வேலை எனக்கு ஏன் முக்கியம் என்று போனில் சரியாகச் சொல்லவில்லை. ஒரு மாணவர், ஒரு ஆள், ஒரு பதிவுக் கொப்பி. சிகிச்சை உங்கள் கினே பார்ப்பார். வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நான் எழுதுவேன். இதில் சித்தியடைந்தால்தான் ஜூனில் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். தவறினால் ஒரு வருடம் பின்னால் போவேன். ஆகவே ஒவ்வொரு நாளும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

புனிதவதி அக்காவின் கேள்விக்கு எனக்கும் இன்னும் பதில் தெரியாது. முதல் வருடம் முழுக்க எலும்பும் தசையும் மனனம் செய்தேன். இரண்டாம் வருடத்தில் நோயாளியோடு கதைக்கப் பழகுகிறோம். கதைப்பதற்கும் சோதனை வைக்கிறார்கள். தெரிய வந்தால் எழுதுகிறேன்.

ரோல்ஸைக் குறையுங்கள். கினேக்கு.

உங்கள் மிருணா


லா சப்பல்
25.02.2018

அன்பு மகளுக்கு,

பூச்சியம் வாங்குகிறவள்தான் கெட்டிக்காரி என்று இந்த வயதில் படிக்கிறேன். சரி, நோவு இப்போது மூன்று. எண்பத்தெட்டுப் பாகை மடிகிறது. கொப்பி மிக ஒழுங்காக இருக்கிறது, கவலைப்படாதே.

சிவராத்திரிக்குக் கோயிலில் நல்ல சனம் என்று புனிதவதி வந்து சொன்னாள். இரண்டாம் சாமத்திலேயே கோப்பி முடிந்து, மூன்றாம் சாமத்தில் முக்கால்வாசிப் பக்தியும் முடிந்துவிட்டதாம். ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போன்கடை மூடி, அங்கே விமானச்சீட்டுக் கடை வந்திருக்கிறதாம். முதலாளி அதே ஆள், கதிரை அதே கதிரை, பலகை மட்டும் புதிது. அவள் வாங்கிவந்த கத்தரிக்காய் கசந்தது.

மார்க்கண்டரை ஞாபகமா? ஐந்தாம் மாடிக்காரர், உணவகத்தில் பன்னிரண்டு வருடமாகக் கோப்பை கழுவுகிறவர். கழுத்துப் பிடித்து வலப்பக்கம் திரும்ப முடியாமல் என் கதவைத் தட்டினார். நீ அனுப்பிய தாளில் மூன்றாம் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். நாலாம் நாள் வந்து, "ரீச்சர், கழுத்துத் திரும்புது! வலப்பக்கம்தான் முதலாளி நிக்கிறவர், இனி அந்தாளையும் பாக்கவேண்டிக் கிடக்கு" என்றார். இப்போது சனிக்கிழமைகளில் ஐந்து பேர் வருகிறார்கள். வரிசையாக இருத்தி, உதாரணத்தோடு விளங்கப்படுத்துகிறேன். முழங்கால் என்பது வட்டம் கீறுகிற கவராயம் மாதிரி. திருகாணியை இறுக்கிவிட்டுக் காலை விரி என்றால் விரியாது.

புனிதவதிக்குப் பதில் இன்னும் வரவில்லை.

அம்மா


பஃபலோ
12.03.2018

அம்மா,

போனில் அழுதுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை புனிதவதி அக்கா உங்கள் கொப்பியைப் கடையில் ஸ்கேன் செய்து அனுப்பினா. இதுவரை எழுதிய பக்கங்களைத்தான் கேட்டிருந்தேன். அவ முழுக் கொப்பியையும் அனுப்பியிருக்கிறா. நான் அவசரத்தில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேராசிரியைக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று காலை கூப்பிட்டார். மிக மரியாதையாகக் கேட்டார்: "இன்று மார்ச் பன்னிரண்டு. ஏப்ரல் பத்தொன்பதாம் திகதி முழங்கால் இலேசாக வீங்கியிருந்தது என்று உங்கள் அம்மா அடையாளம் இட்டிருக்கிறார். எப்படி அறிந்தார்?"

அம்மா, எண்பத்து நான்கு வரியும் நிரம்பியிருக்கிறது! ஒரே மை. ஒரு வெட்டுக் கூட இல்லை. கடைசி நாளில் நூற்று முப்பத்தொரு பாகை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு பாகை குறைகிறது. ஏன் வெள்ளி என்று கேட்டார். அது உங்கள் விரத நாள் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

இந்தப் பதிவை நம்ப முடியாவிட்டால் வேலை தள்ளுபடி. பொய்யான பதிவை நானே கொடுத்தேன் என்றும் ஆகலாம். ஏப்ரல் நடுப்பகுதிக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். என்ன நடந்தது?

மார்க்கண்டு மாமாவுக்கு நீங்கள் கொடுத்த மூன்றாம் பயிற்சி, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அமத்துவது. கழுத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சனிக்கிழமை வகுப்பை நிறுத்துங்கள்.

மிருணா


லா சப்பல்
20.03.2018

அன்பு மகளுக்கு,

நீ பதறுகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அது பாடக்குறிப்பு.

இருபத்தாறு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் மேசையில் இருந்து வரப்போகிற கிழமைக்குப் பாடக்குறிப்பு எழுதியவள் நான். திங்கள் முதலாம் பாடம், பின்னம். செவ்வாய் இரண்டாம் பாடம், பின்னத்தில் பிள்ளைகள் விடும் பிழை. அவர்கள் பிழை விடுவதற்கு முதலே எழுதிவிடுவேன், சொல்லிவைத்த மாதிரி விடுவார்கள். கல்வி அதிகாரி வந்து பார்த்து, திருப்தி என்று கையெழுத்து வைப்பார். எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிற ஆசிரியரைத்தான் சோம்பேறி என்போம். உன் அட்டவணையைப் பார்த்ததும் கை தன்பாட்டில் எழுதிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு பாகை குறைத்ததற்கும் காரணம் உண்டு. ஒரே சீராக ஏறினால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். கணிதம் தெரியாதவர்கள்தான் அப்படி எழுதுவார்கள்.

பேராசிரியைக்கு இதைத் திட்டம் என்று சொல். வேண்டுமானால் நானே பிரெஞ்சில் எழுதித் தருகிறேன். சோதனை மண்டபத்தில் பார்த்து எழுதிய பிள்ளைகளை வாசலில் நிறுத்தியவள் நான். இது பார்த்து எழுதியது அல்ல, பாராமல் எழுதியது.

வகுப்பை நிறுத்தச் சொன்னதை மார்க்கண்டரிடம் சொன்னேன். "பிள்ளை படிச்சு முடிக்கட்டும் ரீச்சர், அதுவரைக்கும் நாங்கள் துவாயை அமத்திக்கொண்டிருப்பம்" என்கிறார்.

அம்மா


பஃபலோ
29.03.2018

அன்புள்ள அம்மா,

நோவுக்குப் பாடக்குறிப்பு எழுத முடியாது. திட்டம் என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால் இரண்டு பேர் பொய் எழுதியதாகிவிடும்.

கினே மதாமோடு கதைத்தேன், மன்னியுங்கள். உங்கள் கொப்பியில் தொண்ணூற்றேழு பாகை என்று இருக்கிற நாளில் அவர் அளந்தது எழுபத்தொன்று. அரை மணித்தியாலத்தில் பாதி ரோல்ஸோடு போகிறது என்றார். "உங்கள் அம்மா முழங்காலைத் தொட விடுவதற்கு முதல் தட்டை நீட்டிவிடுகிறார்" என்றார். இரண்டு கிலோ கூடிவிட்டாராம். செய்முறை கேட்டார்.

நேற்றுப் பின்னேரம் உங்கள் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்து ஒரு நோயாளியின் கோவையைப் படிக்கிற மாதிரிப் படித்தேன். கோயில் கதையைப் புனிதவதி அக்கா சொன்னா. கடைத்தெருவை அவ பார்த்தா. கத்தரிக்காயை அவ வாங்கினா. மார்க்கண்டு மாமா உங்கள் கதவைத் தட்டினார், கினே நாலு மாடி ஏறி வந்தார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு எழுதிய ஒரு கடிதத்திலும் நீங்கள் வாசலைத் தாண்டவில்லை.

இந்தத் தவணை எங்களுக்கு ஒரு விசயம் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். எங்கே நோகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதே, இன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேள். இதைக் கேட்கப் பழகவே எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. புனிதவதி அக்காவுக்கு இதைச் சொல்லுங்கள்.

அம்மா, இன்றைக்கு எங்கே போனீர்கள்?

மிருணா


லா சப்பல்
08.04.2018

அன்பு மகளே,

இந்தமுறை உன் கடிதத்தைத் திருத்தவில்லை. கண்ணாடி அழுக்கு.

முதல் பதினைந்து நாளில் பதினொரு நாள் பயிற்சி செய்தேன். அது சத்தியம். பதினாறாம் நாள், சிவராத்திரியன்று, யாருக்கும் சொல்லாமல் கோயிலுக்குப் போய்ப் புனிதவதியைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். பின்னேரம் நாலு மணி. நல்ல சேலை, ஊன்றுகோல். மூன்றாம் மாடியைத் தாண்டி வளைவில் முழங்கால் மடிய மாட்டேன் என்று நின்றுவிட்டது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. படியில் இருந்துவிட்டேன். மாடிப்படி விளக்கு உனக்குத் தெரியும், இரண்டு நிமிடத்தில் தானே அணைந்துவிடும். பொத்தான் எட்டவில்லை.

யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். இரண்டாம் மாடி மிசியே நாயோடு ஏறி வந்தார். விளக்கைப் போட்டார். "பொன்ஜூர் மதாம், சவா?" என்று சுகம் கேட்டார். நான் சிரித்துக்கொண்டு "சவா, சவா, சிநேகிதிக்காகக் காத்திருக்கிறேன்" என்றேன். பாவம், தனியாக இருக்கிறாளே என்று அவரும் பக்கத்தில் இருந்து நாயின் ஈரலைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னார். இடையில் பதினைந்து முறை எழுந்து விளக்கைப் போட்டார். வராத சிநேகிதியை அவரும் கொஞ்சம் ஏசினார். அவர் போன பிறகு, சேலையோடு, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக இருந்து இருந்து மேலே வந்தேன். இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்கு, விளங்காவிட்டால் கையை உயர்த்து என்று சொன்னவள்.

அடுத்த நாள் துவாயை வைத்து அமத்தப் போனால் அந்தப் படிதான் கண்ணுக்குள் நின்றது. அன்று பின்னேரம் ஒரே இருப்பில் மிச்சம் அறுபத்தொன்பது வரியையும் எழுதி முடித்தேன். எழுதும்போது கால் நன்றாகவே மடிந்தது.

இன்றைக்கு எங்கே போனேன்? யன்னல் வரைக்கும்.

உன் படிப்பை நான் கெடுத்துவிட்டேன் என்றால் சொல்லிவிடு. ஒளிக்காதே.

அம்மா


பஃபலோ
17.04.2018

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மொழிபெயர்த்துப் பேராசிரியையிடம் கொடுத்தேன். கேட்காமல் கொடுத்தது பிழை. திருத்துவதென்றால் சிவப்பால் திருத்துங்கள். நாயின் ஈரலில் சிரித்தார். பின்பக்கமாகப் படியேறிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். "இதுதான் உன் வேலை" என்றார். "வீட்டுப் பயிற்சியைச் செய்யாதவர்கள் ஏன் செய்வதில்லை என்று எழுது. பொய்யான அறுபத்தொன்பது நாளும் அப்படியே, பொய் என்ற தலைப்பில் இருக்கட்டும். இனி வருவது உண்மையாக இருந்தால் போதும்."

மே பதினெட்டில் கொடுக்க வேண்டும். சித்தியடைய விடுவார்களோ தெரியாது. ஆனால் நீங்கள் கெடுக்கவில்லை அம்மா.

இனி நான் சொல்வதைக் கேளுங்கள். கினேக்குத் தட்டு பயிற்சி முடிந்த பிறகுதான். செய்யாத நாளில் செய்யவில்லை என்று எழுதுங்கள். படியில் தனியாக வேண்டாம்; அக்காவும் மாமாவும் கூட வரட்டும். முதல் நாள் ஒரே ஒரு படி. இறங்கும்போது ஒப்பிரேசன் செய்த புதுக் கால் முதலில், ஏறும்போது பழைய கால் முதலில்.

என் முடிவைப் போனில் சொல்ல மாட்டேன். கடிதம் போடுவேன். அது கீழே உங்கள் கடிதப்பெட்டிக்கு வரும். அக்காவிடம் இருக்கிற பெட்டிச் சாவியை இன்றைக்கே திரும்ப வாங்குங்கள். யாரும் எடுத்துத் தரக்கூடாது. இது தண்டனை இல்லை. நூறு பாகை மடி என்றால் யாரும் மடிக்க மாட்டார்களாம். போக ஓர் இடம் வேண்டுமாம்.

மிருணா


லா சப்பல்
09.06.2018

அன்பு மகள் மிருணாளினிக்கு,

தொண்ணூற்றெட்டுப் பாகை. கினே மதாம் அளந்தது. நான் பாகைமானியோடு மேற்பார்வை செய்யவுமில்லை. என் கொப்பி இப்போது பார்க்க அசிங்கமாக இருக்கிறது. எண்பத்து நான்கு, எண்பத்து நான்கு, எண்பத்தொன்று, எண்பத்தாறு. மே மூன்றாம் திகதிக்கு நேரே, செய்யவில்லை, காரணம் சோம்பல் என்று எழுதியிருக்கிறேன். அந்த மூன்று சொல்லை எழுத அரை நாள் பிடித்தது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. புனிதவதி பெட்டியின் இடுக்கால் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "ரீச்சர், அமெரிக்க முத்திரை தெரியுது. நான் தொடேல்லை!" அன்றைக்கு நான் இரண்டாம் மாடி வரைதான் போகக்கூடியதாக இருந்தது. வியாழன், முதலாம் மாடி. "சாவியைத் தாங்கோ ரீச்சர், பிள்ளைக்கு ஆர் சொல்லப் போயினம்?" என்று மார்க்கண்டர் கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை.

இன்று காலை புறப்பட்டோம். புனிதவதி முன்னால், மாடிக்கு மாடி விளக்குப் பொத்தானை அமத்திக்கொண்டு. நடுவில் நான். பின்னால் மார்க்கண்டர், தலையில் என் கதிரையைக் கவிழ்த்துக்கொண்டு. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி என்னை இருத்துவதற்கு. சுவாமி வெளிவீதி வருகிற மாதிரிச் சனம் கதவைத் திறந்து பார்த்தது. நாய் குரைத்தது. "கழுத்து நோகேல்லையோ?" என்று கேட்டேன். "மூண்டாம் பயிற்சி ரீச்சர்!" என்கிறார்.

எழுபத்திரண்டு படி. பெட்டியை நானே திறந்தேன். விளம்பரத் தாள் பதினொன்று, மின்சாரக் கடிதம் ஒன்று, அடியில் உன்னுடையது. ஏறும்போது முதலாம் மாடிக் கதிரையில் இருந்து பிரித்தேன். எனக்குக் கண் தெரியவில்லை. மார்க்கண்டருக்குப் பொறுமை இல்லை.

"பாஸோ, பெயிலோ? சொல்லுங்கோவன்!"

"பொறுங்கோ. முதல் வரியிலை எழுத்துப் பிழை இருக்கு."

"ரீச்சர்!"

"பாஸ்" என்றேன். புனிதவதி பொத்தானை விட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தாள், விளக்கு அணைந்தது, மூன்று பேரும் இருட்டில் நின்று சிரித்தோம். ஜூன் பதினெட்டில் மருத்துவமனைக்குப் போகிறாய் என்று உரத்து வாசித்தேன். மேலே வந்து சேர நாற்பது நிமிடம் எடுத்தது. புனிதவதி கதவடியில் இருந்துகொண்டு, "மூண்டு வருசம் காணாது ரீச்சர், உங்களை மாதிரி ஆக்களுக்கு அஞ்சாக்க வேணும்" என்றாள்.

பேராசிரியைக்கு என் வணக்கம். இங்கே வந்தால் பயிற்சி முடிந்த பிறகு ரோல்ஸ் உண்டு என்று சொல்.

அதே கடிதத்தில், காலை எட்டு மணிக்கு நூலகக் கதிரையில் இருந்தால் இரவு சாப்பாட்டுக்குத்தான் எழும்புகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். நாளைக்கு எங்கே போகிறேன் தெரியுமா? தபாற்பெட்டிக்கு, இதைப் போட. நீ இதை வாசிக்கும்போதும் கட்டாயம் கதிரையில் இருந்துகொண்டுதான் வாசிப்பாய். ஆகவே கடிதத்தை மேசையில் வை. இரண்டு கையையும் நெஞ்சின் குறுக்கே கட்டு. ஒன்றையும் பிடிக்காமல், அந்தக் கதிரையிலிருந்து ஐந்து தரம் எழும்பித் திரும்ப இரு.

அம்மா